ஊவாக் கிளர்ச்சியும் மருத்துவர் இருவர் நூல்களும்

ஆட்சியை எதிர்த்து எழுந்தோர் வென்றால் வீரர் எனவும், தோற்றால் கலகக்காரர் எனவும் பெயர் பெறுதல் உலகியற்கை. ருசியப் பேரரசின் தலையீட்டை எதிர்த்து 1768 இல் பார் என்னும் ஊரிற் கூடிய போலந்துப் பிரபுக்கள் நான்காண்டுப் போருக்குப்பின் வீழ்ந்தனர். 1772 இல் அவர்தம் நாடும் முதன்முறையாகக் கூறுபோடப்பட்டது. தம் உரிமை குன்றக் கண்டு எழுந்த பிரதானிகளை ஊவா மாகாணமும் அறியும். 1817-1818 இல் நிகழ்ந்த அக்கிளர்ச்சியின் காலத்தில் இலங்கையிற் பணிபுரிந்த பிரித்தானியப் படைமருத்துவர் இருவர் அதனை எழுதிவைத்தனர். ஜோன் டேவியின் நூல் 1821 இலும், ஹென்றி மார்ஷலின் நூல் 1846 இலும் வெளிவந்தன.

1815 மார்ச் 2 ஆம் நாள் உடன்படிக்கை பிரதானிகளின் உரிமைகளைக் காப்பதாக உறுதியளித்தது. எனினும் ஈராண்டுகளில் மனக்கசப்பு முற்றியது. பதுளை அதிகாரி வில்சன் 1817 இல் வெல்லசவிற் கொல்லப்பட்டார். கிளர்ச்சியை அடக்க அனுப்பப்பட்ட ஊவாத் திசாவை கெப்பெற்றிப்பொலவே கிளர்ச்சியாளருடன் சேர்ந்தார். ஆளுநர் பிரவுன்றிக் இராணுவச் சட்டம் பிறப்பித்து, இந்தியாவிலிருந்தும் படை வருவித்தார். வீடுகள் எரிந்தன, விளைபொருள் அழிந்தது. 1818 நவம்பர் 26 இல் கெப்பெற்றிப்பொல சிரச்சேதம் செய்யப்பட்டார்.

மார்ஷலின் நோக்கு தலைவன்மீதே தங்குகின்றது. வெற்றி கிட்டியிருப்பின் அவர் நாட்டுப்பற்றாளராகப் போற்றப்பட்டிருப்பார் என்னும் அவர் கருத்து நடுநிலை வாய்ந்தது. ஆயினும் அவ்வாறு எழுதியவரே அத்தலைவரின் மண்டையோட்டை எடுத்துச்சென்று எடின்பரோ ஆய்வுக் கழகமொன்றிற்கு அளித்தார். பின்னர் மீட்கப்பெற்ற அது 1954 இற் கண்டியில் அடக்கஞ் செய்யப்பட்டது. புகழ்ந்த கையே தலையையும் கவர்ந்தது என்பதை எண்ணியே அந்நூலைக் கற்றல் தகும்.

டேவியோ நிலத்தையும் குடிகளையும் நோக்குகின்றார். போராலும் நோயாலும் பஞ்சத்தாலும் மாண்ட உள்நாட்டார் 10,000 பேர் வரை இருக்கலாம் என மதிப்பிடுகின்றார். வென்ற தரப்பினர் ஒருவர் தம் வெற்றியின் விலையை எழுதியமையால் அவர் நூல் சிறப்புறுகின்றது.

பிற்காலத்தார் பெரும்பாலும் மார்ஷலின் வழியையே பற்றினர். துரோகிகள் எனப்பட்ட தலைவர்கள் 2016 இல் தேசிய வீரராக அறிவிக்கப்பட்டமை நீதியே. ஆனால் அக்கிளர்ச்சியை ஓரினத்தின் எழுச்சியாக மட்டும் உரைப்பது வரலாறாகாது. அரியணைக்கு உரிமை கோரிய வில்பாவே, முன்னர்ப் பௌத்த பிக்குவாயிருந்த சிங்களவர். அவரே நாயக்கர் மரபினரான துரைசாமி எனத் தம்மைக் கூறிக்கொண்டார். தென்னிந்திய மரபுப் பெயரே கண்டி அரசுரிமைக்குச் சான்றாக அன்று வேண்டப்பட்டது. அவரது பொய்மை பின்னரே வெளிப்பட்டது.

போலந்துப் பிரபுக்கள் போன்று ஊவாப் பிரதானிகளும் நாட்டுரிமையோடு தம் குலச்சிறப்பையும் காக்கவே போரிட்டனர். அதன் விலையைச் செலுத்தியவர் உழவர். கோப்பியும் தேயிலையும் இம்மலைகளில் வேரூன்றுவதற்கும், தமிழ்த் தொழிலாளர் இங்கு குடியேறுவதற்கும் முன்னரே இம்மண் அத்துயரைக் கண்டது. தலைவர்தம் பெயர் மீண்டது; பதினாயிரவர் பெயரோ ஏட்டில் இல்லை. பதுளையில் வரலாறு பயில்வோர் மார்ஷலைப் படித்தபின் டேவியையும் படித்தல் வேண்டும்.