மசானமும் மானமும்

திரைப்படத்தைப் பற்றி இலக்கிய ஏடொன்றில் எழுதப் புகுந்தால், "இதற்கும் இலக்கியத்திற்கும் என்ன உறவு?" என்று வினவுவோர் உளர். வினா நியாயமானதே. ஆடலும் பாடலும் அடிதடியுமாக இரண்டரை மணி நேரத்தை விழுங்கும் படங்களுக்காக வாதாட நாம் முன்வரவில்லை. ஆயினும், பெரிய நட்சத்திரங்களை நம்பாமல், பெருஞ்செலவும் செய்யாமல், நல்ல சிறுகதை ஒன்று செய்யும் பணியைத் திரையில் செய்து காட்டும் படங்களும் அவ்வப்போது வருகின்றன. அவற்றைக் கண்டும் காணாதவர்போல் இருப்பது அறிவுக்கு அழகன்று. அத்தகைய படங்களுள் ஒன்று, 2015-ஆம் ஆண்டில் இந்தி மொழியில் வெளிவந்த 'மஸான்'.

இதன் இயக்குநர் நீரஜ் கய்வான். எழுதியவர் வருண் குரோவர். இருவருக்கும் இது தொடக்க கால முயற்சி. கய்வானுக்கு முதல் முழுநீளப் படம். பிரான்சு நாட்டின் கான் திரைப்பட விழாவில் அவ்வாண்டு இப்படம் 2 பரிசுகளைப் பெற்றது. அறிமுக இயக்குநருக்கான நம் நாட்டுத் தேசிய விருதும் கய்வானுக்குக் கிடைத்தது. வெளிவந்து பத்தாண்டுகள் கடந்த பின்னரும் இதனைப் பற்றிப் பேசக் காரணம் அந்தப் பரிசுகள் அல்ல. வயது வந்த பிள்ளைகள் இருக்கும் எந்தக் குடும்பமும் தப்பிச் செல்ல முடியாத கேள்வியொன்று இப்படத்தின் நடுவே நிற்கிறது.

'மஸான்' என்பது மயானம். மசானம் என்று தமிழிலும் வழங்கும் சொல்லே அது. கதை நிகழும் இடம் காசி நகரம். கங்கைக் கரையில் இரவும் பகலும் சிதைகள் எரியும் துறைகள் அங்கே உண்டு. அந்நகரில் ஒருவரையொருவர் அறியாத 2 இளையோரின் வாழ்வைப் படம் பக்கம் பக்கமாக நடத்திச் செல்கிறது.

முதலாமவள் தேவி. கணினிப் பயிற்சி நிலையமொன்றில் பணிபுரிபவள். அவளும் அங்குப் பயிலும் இளைஞன் ஒருவனும் பொய்ப் பெயரோடு ஒரு விடுதி அறையில் சந்திக்கின்றனர். காவலர் கதவை உடைத்து உள்ளே புகுகின்றனர். ஆய்வாளர் அவளது கோலத்தைத் தன் கைப்பேசியில் படம் பிடித்துக்கொள்கிறார். இளைஞனோ அச்சத்தாலும் நாணத்தாலும் குளியலறையில் புகுந்து தன்னையே மாய்த்துக்கொள்ள முயல்கிறான். பின்னர் மருத்துவமனையில் இறந்து போகிறான். அவன் சாவுக்கு அவளே காரணம் என்று வழக்குத் தொடுக்காமலும், படத்தை ஊருக்குக் காட்டாமலும் இருக்க வேண்டுமாயின் 3 இலட்சம் ரூபாய் தரவேண்டும் என்று ஆய்வாளர் அவள் தந்தையிடம் பேரம் பேசுகிறார்.

இந்தத் தொடக்கக் காட்சி குடும்பத்தார் அனைவரும் கூடியமர்ந்து காணத்தக்கது அன்று. அதை முன்னரே சொல்லிவிடுவது நம் கடமை. தேவி செய்தது முறையா என்று கேட்பின், முறையன்று என்பதே நம் விடை. ஆயினும் அவ்விடையோடு நின்றுவிடுவோர் படத்தின் முதற் பத்து நிமிடத்தைத் தாண்டவில்லை என்றே பொருள். ஒருத்தி தவறு செய்தாள். அவளுக்கு அநீதி இழைக்கப்பட்டது. இவை இரண்டும் வேறு வேறு செய்திகள். முன்னதைக் காட்டிப் பின்னதை நியாயப்படுத்துவது நம் சமூகங்கள் அனைத்திலும் ஊறிப்போன வழக்கம். பிறர் குறையைத் துருவித் துருவி ஆராயாதே, கண்டதை மறைத்துவிடு என்று மதரஸாவின் முதற் படிகளிலேயே பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்கிறோம். அந்தப் பாடத்தை நேர்மாறாக்கி, பிறர் குறையையே விற்பனைச் சரக்காக்கியவர் அந்த ஆய்வாளர்.

அச்சரக்கை வாங்குபவர் யார்? தேவியின் தந்தை வித்யாதர் பாடக். இவரே, எம் நோக்கில், இப்படத்தின் மிக ஆழமான பாத்திரம். முன்பு வடமொழி ஆசிரியராக இருந்தவர். இப்போது கங்கைத் துறையில் சிறு கடை வைத்துச் சடங்குப் பொருள்களை விற்றுப் பிழைக்கிறார். மறைநூல் மொழியைக் கற்றுக் கொடுத்த மனிதர், ஊரார் நாவுக்கு அஞ்சி ஒரு கயவன்முன் கைகட்டி நிற்கும் காட்சி, கற்பிக்கும் தொழிலில் உள்ள எவரையும் சுடும். அவர் கற்ற கல்வி பெரிது. ஆனால் நெருக்கடி வந்த நாளில் அது அவருக்குத் துணை வரவில்லை. மகளிடம் ஆதரவாக ஒரு சொல் பேசவும் அவருக்கு நா எழவில்லை. "உனக்கு என்ன நேர்ந்தது?" என்று அவர் கேட்கவில்லை. "ஊர் என்ன சொல்லும்?" என்பதே அவர் உள்ளத்தை நிறைத்து நிற்கிறது.

நன்கு எண்ணிப் பார்த்தால், ஆய்வாளரிடம் இருந்த ஆயுதம் அந்தக் கைப்பேசிப் படம் அன்று. வித்யாதரின் அச்சமே அவருடைய ஆயுதம். மானம் போய்விடுமே என்று அஞ்சுபவர் இல்லாத ஊரில் மானத்தைக் காட்டி மிரட்டுபவருக்குப் பிழைப்பு இராது. 2015-இல் வந்த இக்கதையில் ஒரு கைப்பேசிப் படம் செய்த வேலையை, இன்று பொய்யாகவே புனையப்பட்ட படங்களும் செய்யக்கூடிய நிலை வந்துவிட்டது. பிள்ளைகள் முதலில் பெற்றோரிடம் ஓடி வருவார்களா, பெற்றோருக்கு அஞ்சி மிரட்டுபவனுக்கே பணிந்து போவார்களா? இதற்கு விடை சொல்ல வேண்டியவர்கள் பெற்றோரே. அதுவும் இடர் வருமுன்னரே.

பணம் திரட்டும் நெருக்கடியில் வித்யாதர் இன்னும் கீழே இறங்குகிறார். அவர் கடையில் ஏவல் செய்யும் ஜோண்டா என்னும் ஆதரவற்ற சிறுவன், ஆற்றில் மூழ்கி நாணயம் எடுக்கும் போட்டியில் வல்லவன். கடைக்காரர்கள் சிறுவர்கள்மேல் பந்தயம் கட்டுகிறார்கள். முதலில் மறுத்தவர், பின்னர் அச்சிறுவனை வைத்துப் பணம் கட்டுகிறார். ஒரு நாள் அவன் நீருக்குள் மூச்சடங்கி உயிர் போகும் நிலைக்கு வருகிறான். தம் வீட்டு மானத்தைக் காக்க ஊரான் பிள்ளையின் உயிரைப் பணயம் வைத்துவிட்டோம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைக்கிறது. அறிவுரை ஒன்றும் கூறாமலேயே படம் இதனை உணர்த்திவிடுகிறது.

இரண்டாமவன் தீபக். சிதைகளை எரிக்கும் தொழிலையே தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் டோம் குலத்தில் பிறந்தவன். தந்தையும் தமையனும் அத்தொழிலில் இருக்க, அவன் கட்டடப் பொறியியல் பயில்கிறான். பகலில் பாடம், வீடு திரும்பினால் தீயும் சாம்பலும். அவனுக்கு ஷாலு என்னும் மேற்குலத்துப் பெண்ணோடு நட்பு ஏற்பட்டு, அது அன்பாக முதிர்கிறது. அவள் கவிதைப் பித்து உடையவள். காலிப், அக்பர் இலாஹாபாதி, பஷீர் பத்ர் ஆகியோரின் பெயர்களும் துஷ்யந்த் குமாரின் பெயரும் இப்படத்தின் உலகில் உலவுகின்றன. படம் தொடங்குவதே உருதுக் கவிஞர் சக்பஸ்தின் ஈரடி ஒன்றோடுதான். காசிக் கரையின் கதைக்கு உருதுக் கவிதை உயிர்மூச்சாக அமைந்திருப்பது நோக்கத்தக்கது. மொழியைச் சமயத்தின் வேலிக்குள் அடைக்க முயல்வோருக்குப் படைப்பாளர் தந்த அமைதியான மறுமொழி அது.

நம் இல்லங்களில் 'பைத்' என்னும் சொல்லை அறியாதார் இல்லை. அரபு மொழியில் அச்சொல்லுக்கு வீடு என்றும் பொருள்; செய்யுளடி என்றும் பொருள். இதனை எண்ணிக்கொண்டு இப்படத்தின் ஒரு காட்சியைக் கண்டால் அதன் நயம் விளங்கும். "உன் வீடு எங்கே இருக்கிறது?" என்று ஷாலு கேட்கிறாள். தீபக் மழுப்புகிறான், அவள் விடாமல் கேட்கிறாள். பொறுக்க மாட்டாமல், தான் இன்னாரென்றும் தன் வீட்டார் பிணம் எரிப்பவரென்றும் வெடித்துச் சொல்லிவிட்டு அகல்கிறான். கவிதை சொல்ல அவளுக்கு எத்தனையோ 'பைத்' உண்டு. சொல்லிக்கொள்ள அவனுக்கு ஒரு 'பைத்' இல்லை. சாதி என்பது என்ன என்று நூறு பக்கம் எழுதினாலும் இவ்வளவு தெளிவாகச் சொல்லிவிட முடியாது. அவளோ பின்னர் அவனை விலக்கவில்லை. அவன் பக்கம் நிற்கவே துணிகிறாள்.

இது பிறர் வீட்டு நோய் என்று நாம் அமைதி கொள்வதற்கில்லை. மையவாடியில் கப்ர் வெட்டுபவரும் மையித்தைக் குளிப்பாட்டுபவரும் இல்லாமல் நம்முள் எவரும் இறுதிப் பயணம் போக முடியாது. அத்தொழிலை மாண்புடையது என்றே பயானில் பேசுகிறோம். ஆனால் அவர் மகன் பொறியியல் பட்டம் பெற்று வந்து நம் வீட்டில் பெண் கேட்டால், எத்தனை வீடுகளில் இருக்கை போட்டுப் பேசுவார்கள்? படம் எழுப்பும் வினாவை நம் தெருவுக்குக் கொண்டு வந்து பார்த்தால்தான் அதன் கனம் புரியும்.

புனிதப் பயணம் போன ஷாலுவின் குடும்பம் பேருந்து விபத்தில் மாண்டு போகிறது. ஓர் இரவு, வரிசையாக வந்த சடலங்களை எரித்துக்கொண்டிருந்த தீபக், ஒரு கையில் தான் அறிந்த மோதிரத்தைக் காண்கிறான். இறந்தவள் தன்னவள் என்று ஊரறியச் சொல்லி அழும் உரிமைகூட அவனுக்கு இல்லை. பின்னொரு நாள், நண்பர்களின் நடுவே அவன் உடைந்து அழும் காட்சியில் விக்கி கௌசல் என்னும் அப்போதைய புதுமுக நடிகர் காட்டிய திறம் எளிதில் மறக்கத்தக்கதன்று. அம்மோதிரத்தை அவன் கங்கையில் எறிகிறான். மூழ்கிய ஜோண்டாவின் கையில் அது அகப்படுகிறது. வித்யாதரின் கடன் தீரவும் அதுவே உதவுகிறது. ஒருவனின் துயரம், அவன் அறியாமலே, மற்றொருத்தியின் விலங்கை உடைக்கிறது.

குறைகளும் இல்லாமல் இல்லை. மோதிரம் கைமாறும் தற்செயல் சற்று மிகை. பழங்கதைகளில் மீன் வயிற்றில் கணையாழி கிடைப்பது போன்றது அது. அதனினும் பெரிய குறை ஒன்றுண்டு. ஷாலு உயிரோடு இருந்து தன் பெற்றோரிடம் தீபக்கின் பெயரைச் சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும்? படத்தின் கடினமான கேள்வி அதுவே. அக்கேள்விக்கு முகங்கொடுக்காமல், விபத்து வந்து கதையைக் காப்பாற்றிவிடுகிறது. சாவு எல்லாரையும் சமமாக்கும் என்பது மெய். ஆனால் சமத்துவம் சாவுக்கு முன்னர் அல்லவா வேண்டப்படுகிறது? சாதியும் சமயமும் இளையோரின் வழியை மறிக்கும் இடத்திற்குக் கய்வான் 2025-இல் வந்த தம் இரண்டாவது முழுநீளப் படமான 'ஹோம்பவுண்ட்' வழியாக மீண்டும் சென்றார். அதில் ஒரு முஸ்லிம் இளைஞனும் ஒரு தலித் இளைஞனும் நண்பர்கள். முதற்படத்தில் மிச்சம் வைத்த கேள்வி அவரை விடவில்லை போலும்.

இளையோர் தம்மைத் தாம் அறிதல் என்பதைப் பற்றி இந்நாளில் நிறையப் பேசப்படுகிறது. வீட்டை உதறி, மூத்தோரைப் பழித்து, மனம் போன போக்கில் போவதே தன்னையறிதல் என்று காட்டும் படங்கள் மலிந்துள்ளன. 'மஸான்' அப்படிச் சொல்லவில்லை. தேவி வேலைகளை இழக்கிறாள், இழிசொல் கேட்கிறாள், இரயில் நிலையத்தில் கிடைத்த சிறு பணியில் ஒவ்வொரு ரூபாயாகச் சேர்த்துத் தந்தையின் சுமையில் பங்கேற்கிறாள். அங்கு உடன் பணிபுரியும் சாத்யா என்னும் எளிய மனிதர், எதையும் துருவாமல் அவளோடு பாயசத்தைப் பகிர்ந்துகொள்கிறார். ஊர் முழுவதும் அவளைத் துருவியபோது ஒருவர் துருவாமல் இருந்ததே அவளுக்கு மருந்தாயிற்று. இறுதியில், இறந்துபோன இளைஞனின் வீட்டுக் கதவைத் தானே சென்று தட்டுகிறாள். உள்ளே நடப்பதைப் படம் காட்டவில்லை. வெளியே நின்று அழுகுரலை மட்டும் கேட்கிறோம். தான் கொண்ட பழியை ஒளித்துவைக்காமல், உரியவர்முன் போய் நிற்கும் துணிவே அவள் அடைந்த விடுதலை. தீபக்கும் துயரத்தில் அமிழ்ந்துவிடாமல் படிப்பை முடித்து இரயில்வேயில் பணி ஏற்கிறான்.

2018-இல் பிரயாக்ராஜ் என்று பெயர் மாற்றப்பெற்ற அலகாபாத் நகரில், கங்கையும் யமுனையும் கூடும் இடத்தில் அவர்கள் இருவரும் முதன்முறையாகச் சந்திக்கின்றனர். அழுதுகொண்டிருக்கும் முன்பின் அறியாத பெண்ணுக்கு அவன் தண்ணீர் தருகிறான். ஒரே படகில் ஏறுகின்றனர். அவ்வளவே. திருமணமா நட்பா என்று படம் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை.

பிள்ளைகள் கரையேறுவதை இப்படம் காட்டிவிட்டது. மூத்தோரின் கதையோ இன்னும் கரையேறவில்லை. வித்யாதர் மகளுக்காக 3 இலட்சம் ரூபாய் திரட்டினார். ஆதரவான ஒரு சொல்லை முதல் நாளே அவர் தந்திருந்தால் அத்தனை பணம் தேவைப்பட்டிருக்குமா என்பதைப் பெற்றோரும் ஆசிரியரும் எண்ணிப் பார்க்க வேண்டும்.