இருபது விநாடியில் காணாமல் போனவர்கள்

செஞ்சியில் மூடிவிட்ட ஒரு ஸ்டுடியோவின் பரணிலிருந்து போன வருஷம் ஒரு வாகீஸ்வரி கேமரா என் கைக்கு வந்தது. 1940களில் ஆலப்புழையில் செய்யத் தொடங்கிய மரக் கேமரா. ஹாஃப் பிளேட் சைஸ்: நாலே முக்கால் அங்குலத்துக்கு ஆறரை. கருப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு எடுப்பார்களே, அந்த ரகம். அம்மா பார்த்துவிட்டு, “இத வெச்சு என்னடா பண்ணப்போற, கொலுவுல வெக்கவா?” என்றாள்.

நான் கோட் எழுதிப் பிழைப்பவன். கழற்றிப் பார்த்தால் எதுவும் புரிந்துவிடும் என்று நம்புகிறவன். ராத்திரி அறை விளக்கை அணைத்துவிட்டு, கேமராவின் துருத்திக்குள் ஒரு சின்ன எல்இடி பல்பை எரியவிட்டேன். மடிப்பு மூலைகளில் வெளிச்சம் கசிந்த ஓட்டைகள் பதினேழு. எல்லாவற்றையும் கருப்புத் துணி ஒட்டி அடைத்தேன். ஃபோகஸ் பார்க்கும் கண்ணாடி உடைந்திருந்தது. புதுக் கண்ணாடியில் கார்போரண்டம் பொடியும் தண்ணீரும் போட்டுத் தேய்த்துத் தேய்த்து மங்கலாக்கினேன். ஷட்டர் கிடையாது. லென்ஸ் மூடியைக் கழற்றி, எண்ணி, திரும்ப மாட்ட வேண்டியதுதான்.

இருட்டறை எங்கள் வீட்டுக் குளியலறை. ஃபிலிம் கட்டுப்படியாகாது என்பதால் கருப்பு வெள்ளை பிரிண்ட் பேப்பரையே வெட்டி நெகட்டிவாக வைத்தேன். அந்தப் பேப்பருக்குச் சிவப்பு வெளிச்சம் தெரியாது. அதனால் சிவப்பு பல்பின் கீழ் படம் வருவதைக் கண்ணால் பார்க்கலாம். டெவலப்பர், ஸ்டாப் பாத், ஹைப்போ என்று மூன்று டிரே. மே மாதத்தில் டேங்க் தண்ணீர் கொதிக்கும். டெவலப்பரை 20 டிகிரிக்கு இறக்க டிரேயைச் சுற்றி ஐஸ் கட்டி போட வேண்டியிருந்தது.

முதல் படம்: திருவண்ணாமலை ரோட்டோரத்தில் நின்று கிருஷ்ணகிரி மலை. விடிந்தும் விடியாத நேரம், இருபது விநாடி. பிரிண்டில் மலையும் மதிலும் பாறையும் அப்படியே வந்தன. வானம் மட்டும் வெறும் வெள்ளை. ஒரு ஜீவன் இல்லை. காலம் உறைந்த கோட்டை! எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மறுநாள் அதே இடத்தில் வேர்க்கடலை விற்கும் அம்மாவிடம் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். “நான் கூடைய இறக்கிட்டு இருந்தனே தம்பி, எங்க காணோம்?” என்றார். அவர் நின்ற இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு தீற்றல் இருந்தது. திண்டிவனம் பஸ் ஒன்று குறுக்கே போனதும் எனக்கு நினைவிருக்கிறது. அது அந்த அளவுக்குக்கூட விழவில்லை.

அன்றைக்குத்தான் லின்னேயஸ் டிரைப்பின் படங்களைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். 1856இல் மதராஸ் அரசாங்கத்தின் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்ட கம்பெனி ராணுவ அதிகாரி. 1857 டிசம்பரில் கிளம்பி மதுரை, திருச்சி, தஞ்சாவூர் என்று சுற்றிப் பெரிய காகித நெகட்டிவ்களில் படமெடுத்தவர். அந்தப் படங்களின் அமைதியைப் புகழாதவர்கள் குறைவு. நானும் புகழ்ந்திருக்கிறேன். ஆனால் அந்த அமைதியில் ஒரு பங்கு வேதியியல். காகித நெகட்டிவுக்கு எக்ஸ்போஷர் நிமிடக் கணக்கில் ஆகும். நடந்தவர்கள் விழமாட்டார்கள், நின்றவர்கள்தான் விழுவார்கள். இன்னொரு பங்கு வேலை உத்தரவு. அரசாங்கம் கேட்டது கட்டடத்தை, அதைச் சுற்றி இருந்தவர்களை அல்ல. மூன்றாவது பங்கு நம்முடையது. ஆளில்லாத இடிபாட்டைப் பார்த்தால் ‘ஆழம்’ என்று நமக்குத் தோன்றிவிடுகிறது.

இதை வைத்து டிரைப்பைக் குற்றவாளி ஆக்குவது சுலபம். ஆனால் அவரும் இந்த இழப்போடு மல்லுக்கட்டியவர்தான். நீலத்தை மட்டும் அதிகமாக உள்வாங்கும் அந்தக் கால நெகட்டிவில் வானம் வெறுமையாகவே வரும். அவர் நெகட்டிவின் மேலேயே மேகங்களை வரைந்து சேர்த்தார். மேகத்துக்குக் கொடுத்த அக்கறையை மனிதர்களுக்கும் கொடுத்திருக்கலாமே என்று கேட்கத் தோன்றுகிறது.

என் கணிப்பில் அவருடைய சிறந்த வேலை அந்த அழகான கோபுரக் காட்சிகள் அல்ல. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளக் கல்வெட்டுகளைத் துண்டு துண்டாக எடுத்து, 21 பிரிண்ட்களை ஒட்டிச் சேர்த்து, 1858இல் செய்த சுமார் 19 அடி நீளச் சுருள்தான். அதில் ‘மூட்’ இல்லை, மேகம் இல்லை. ஒரு மனிதர் கேமராவைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, தான் வாசிக்காத எழுத்தை வரி தப்பாமல் பதிந்திருக்கிறார். யார் எதைக் கொடுத்தார்கள், எவ்வளவு எடை என்று கணக்கு வைத்த கோயில் அது. அதன் மதில் கல்வெட்டில் 400 தளிச்சேரிப் பெண்டுகள் பெயரோடும் வீட்டு எண்ணோடும் இருக்கிறார்கள். படத்தில் விழாமல் போன மனிதர்கள் கல்லில் தங்கியிருக்கிறார்கள்.

2025இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பிறகு செஞ்சியைப் படமெடுக்க வருகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். ஆட்கள் நகரும்வரை காத்திருந்து எடுக்கிறார்கள், இல்லாவிட்டால் போனிலேயே அழிக்கிறார்கள். டிரைப்புக்குக் கருவியின் கட்டாயமாவது இருந்தது. நமக்கு அதுகூட இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மாவிடம் போய், இருபது எண்ணும்வரை அசையாமல் உட்கார முடியுமா என்று கேட்டேன்.

“அதுவரைக்கும் வியாபாரத்த யாரு பாக்கறது, நீயா?” என்றார்.

கேமராவை அவரிடம் எப்படி இயக்கச் சொல்வது என்று யோசித்தேன். கடைசியில் வேர்க்கடலை அளக்கும் படியை நான் வாங்கிக்கொண்டேன். மூடியைக் கழற்றி மாட்ட என் தம்பி நின்றான்.