கோரல் ஆலையும் பாப்பாரப்பட்டிக் கோயிலும்

சேலத்திலிருந்து தருமபுரி நோக்கி நெடுஞ்சாலையில் வருவோர் தொப்பூர்க் கணவாயை ஏறிக் கடந்தாக வேண்டும். கணவாய்க்கு வடக்கே, தருமபுரிக்கும் அப்பால் உள்ளது பாப்பாரப்பட்டி. தொழுநோயாளி என்று கூறி ஆங்கில அரசு ரயிலேற விடாது தடுத்த ஒரு மனிதர், கால்நடையாகவும் கட்டை வண்டியிலும் ஊர் ஊராகச் சென்று விடுதலை பேசி, ஈற்றில் அவ்வூரில் வந்து கண் மூடினார். சுப்பிரமணிய சிவாவைத்தான் சொல்கிறோம். தொப்பூரில் வாழும் நமக்கு அவர் அயலார் அல்லர். ஆயினும் நம் இல்லங்களில் அவர் பெயர் அதிகம் வழங்குவதில்லை. காரணத்தை மறைப்பானேன்? அவர் எழுப்ப விரும்பிய பாரதமாதா கோயிலே காரணம்.

1884இல் வத்தலக்குண்டில் பிறந்த சிவா, 1925 ஜூலை 23இல் மறைந்தபோது நாற்பது வயதே நிரம்பியவர். அக்கோயிலுக்கு 1923இல் தேசபந்து சித்தரஞ்சன் தாஸ் அடிக்கல் நாட்டினார். சிவா இருந்தவரை அது முற்றுப் பெறவில்லை. நாட்டைத் தாயாகவும், தாயைத் தெய்வமாகவும் காணும் இக்கருத்து வங்கத்திலிருந்து வந்தது. சிவாவோ வேதாந்தத்தில் ஊறியவர். அரசியலும் ஆன்மிகமும் அவருக்கு இரண்டல்ல. வணக்கம் இறைவன் ஒருவனுக்கே உரியது என்னும் நாம் அவருடன் இவ்விடத்தில் உடன்பட இயலாது. தேசத்தையே ஒரு புதிய தெய்வமாக்குவதை அல்லாமா இக்பாலும் கடிந்தார். பிறந்த மண்ணை நேசிப்பது வேறு, வணங்குவது வேறு. இதை நாம் தயக்கமின்றிச் சொல்லலாம். சொல்லிவிட்டு அத்துடன் அவரை மூடி வைத்து விடுவதுதான் நம் பிழை.

ஏனெனில் சிவாவின் சிந்தனையில் உயிர்நிலை கோயிலன்று. அது 1908 பிப்ரவரியில் தூத்துக்குடிக் கடற்கரையில் வெளிப்பட்டது. கோரல் ஆலைத் தொழிலாளர் குறைந்த கூலிக்கு நெடுநேரம் உழைத்தனர். வார விடுமுறையும் அவர்களுக்கு இல்லை. சிவாவும் வ.உ.சி.யும் அவர்களிடம் பேசினார்கள். ருஷ்யாவில் நடந்த புரட்சி மக்களுக்கு நன்மையே செய்தது என்று சிவா எடுத்துக் காட்டினார். அவர் குறித்தது 1905ஆம் ஆண்டுப் புரட்சியை. லெனின் பெயரே தமிழகத்தில் அறியப்படாத காலம் அது! பிப்ரவரி 27இல் வேலைநிறுத்தம் தொடங்கியது. மார்ச் முதல் வாரத்திலேயே நிர்வாகம் இறங்கி வந்தது. சுயராஜ்யம் என்பது படித்தவர்கள் மனு எழுதிப் பெறும் பதவியன்று, பஞ்சாலைக் கூலிக்காரனின் வயிற்றோடு தொடர்புடையது என்பதைத் தமிழில் மேடையேறி முதலில் உரைத்தவர்களுள் அவர் ஒருவர். இதனை நாம் தத்துவம் என்றே கொள்வோம். நூலில் எழுதினால்தான் தத்துவமா?

அரசு இதைச் சரியாகவே புரிந்துகொண்டது. நீதிபதி பின்ஹே சிவாவுக்குப் பத்தாண்டு தீவாந்தர தண்டனை விதித்தார். அவருக்கு உணவும் உறைவிடமும் தந்து உடந்தையாயிருந்தது வ.உ.சி.யின் குற்றங்களுள் ஒன்றாயிற்று. மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தது. ஆனால் சிறை அவருக்குத் தொழுநோயைத் தந்தது. 1912இல் விடுதலையானவர் அடுத்த ஆண்டே 'ஞானபாநு' இதழைத் தொடங்கினார். பாரதியும் அதில் எழுதினார். வடசொல் கலவாத் தமிழில் எழுதுவோர்க்கு ஐந்து ரூபாய் பரிசென்று 1915இல் அவ்விதழில் அறிவித்தார். அவரது சொந்த நடையோ வடமொழி மிகுந்தது! தம் பழக்கத்துக்கு மாறான ஒன்றையும் சோதித்துப் பார்க்கும் மனம் அவருக்கு இருந்தது. எழுத்தாளர் சிவாவைவிடப் பேச்சாளர் சிவாவே பெரியவர் என்பது நம் கருத்து. அவருடைய மத நூல்களில் நீதிமன்றத்தை நடுங்க வைத்த அந்த வேகம் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவர் நின்று பேசிய தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனிக்கு எண்ணாயிரம் பங்குகள் வாங்கி இரண்டு லட்சம் ரூபாய் தந்தவர் ஜனாப் ஹாஜி முகமது பக்கீர் சேட். அவ்வியக்கத்தின் மேடையில் இந்துச் சொற்கள் ஒலித்தன என்பதற்காக அவர் தம் பணப்பையை மூடிக் கொள்ளவில்லை.

இன்று பாப்பாரப்பட்டியில் சிவாவுக்கு நினைவிடம் இருக்கிறது. பாரதமாதாவுக்கும் நினைவாலயம் எழுந்துள்ளது. அதன் கதவைத் திறப்பது பற்றி 2022இல் அரசியல் சச்சரவும் நடந்தது. தருமபுரி மாவட்டத்துக் கோபாலபுரத்தில் ஒரு கூட்டுறவுச் சர்க்கரை ஆலை அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அதைப் பற்றி யாரும் சச்சரவிடவில்லை, யாரும் பெரிதாகப் பேசவுமில்லை. கரும்பு ஏற்றிய வண்டிகள் வரிசையில் நிற்கும் அந்த வாயிலில்தான் சிவா நமக்குத் தெளிவாகத் தெரிகிறார்.