சிரிக்க வைக்கும் பேய்கள்

அஞ்ச வைக்க எடுக்கப்பட்ட படம் நம்மைச் சிரிக்க வைத்தால் அது தோற்றுவிட்டது என்பதே விமர்சன நியாயம். எனினும் அவ்வாறு தோற்ற சில பேய்ப் படங்களை மக்கள் மீண்டும் மீண்டும் தேடிப் பார்க்கின்றனர். ஏன்?

விட்டலாச்சார்யா 1978-இல் தெலுங்கில் எடுத்த 'ஜகன்மோகினி' தமிழ் பேசி நம் பக்கம் வந்தபோது நாம் சிறுவர். தாராபுரத்தை அடுத்த டூரிங் கொட்டகையில் மணலைக் குவித்து அமர்ந்து, அம்முச்சியின் சேலைத் தலைப்பில் முகம் புதைத்தபடி பார்த்தோம். பேய் தன் கால்களையே விறகாக அடுப்பில் நீட்டிச் சமைக்கும் காட்சி அன்றிரவு நம்மை உறங்கவிடவில்லை. அண்மையில் பங்கு இளைஞர் சிலர் அதே காட்சியைக் கைபேசியில் கண்டு விழுந்து விழுந்து சிரித்தனர். எட்டிப் பார்த்த நாமும் சிரித்தோம். சிரித்து ஓய்ந்தபின் மனம் சற்றே உறுத்தியது. எதைக் கண்டு சிரித்தோம்? எளியவன் ஒருவனின் இயலாமையைக் கண்டா?

விடை தேடுவோருக்கு அமெரிக்கர் எட் வுட் 1956-இல் படமாக்கிய 'பிளான் 9 ஃப்ரம் அவுட்டர் ஸ்பேஸ்' துணைபுரியும். அதில் அட்டைக் கல்லறைகள் ஆடுகின்றன. ஒரே காட்சிக்குள் பகலும் இரவும் மாறி மாறி வருகின்றன. டிராகுலாவாகப் புகழ்பெற்ற பேலா லுகோசி அவ்வாண்டு ஆகஸ்டில் இறந்துபோக, எஞ்சிய காட்சிகளில் அவரைச் சற்றும் ஒத்திராத வேறொருவர் மேலங்கியால் முகத்தை மறைத்து நடமாடுகிறார். 1980-இல் மெட்வெட் சகோதரர்களின் நூல் இதற்கு 'உலகின் மிக மோசமான படம்' என்ற பட்டத்தைச் சூட்டியது. பட்டம் பொருத்தமே. ஆயினும் அந்த மேலங்கிக்குப் பின்னால் ஒரு செய்தி உண்டு. புகழ் மங்கி, வாய்ப்பிழந்து நின்ற முதிய நடிகருக்கு இறுதிவரை வேடம் தந்தவர் வுட். இறந்த நண்பரின் சில நிமிடப் படச்சுருளையும் வீசியெறிய மனமின்றி, அதைச் சுற்றி ஒரு கதையையே கட்டினார்.

இங்கேதான் கவர்ச்சியின் வேர் இருக்கிறது. பொய் அம்பலமாகும் கணத்தில் அதைச் செய்த மனிதரின் கை நமக்குத் தெரிந்துவிடுகிறது. கையில் காசில்லை, கருவியில்லை. ஆனால் முழுமனத்தோடு உழைத்திருக்கிறார். வேண்டுமென்றே மோசமாக எடுக்கப்படும் படங்களில் இந்த ஈர்ப்பு இல்லை. அவற்றின் தோல்வியும் நடிப்பே. 2009-இல் கணினி வித்தைகளோடு தமிழில் மீண்டும் வந்த 'ஜகன்மோகினி' நமக்கு அச்சத்தையும் தரவில்லை, அந்தச் சிரிப்பையும் தரவில்லை.

ஆகவே மோசமான படத்தை மோசம் என்றே சொல்வோம். அதில் தாட்சண்யம் வேண்டாம். ஆனால் சிரிப்பு இருவகை. உயரத்தில் நின்று ஏளனமாகச் சிரிப்பது ஒன்று. கிறிஸ்துமஸ் நாடகத்தில் சூசையப்பரின் ஒட்டுத்தாடி கழன்று விழ, அதை ஒரு கையால் பிடித்தபடி அச்சிறுவன் வசனத்தைத் தொடரும்போது நாம் சிரிப்பது மற்றொன்று. அந்தச் சிரிப்பில் கைதட்டலும் கலந்திருக்கிறது. அடுப்பில் கால் நீட்டிய அந்தப் பேய்க்கும் நாம் அதையே கடன்பட்டிருக்கிறோம்.