ரோலரின் சுழற்சி

அக்குறணைக் கடைகளில் பிளேன்டீயை உயர்த்தி ஆற்றும் கையைப் பாராட்டாதவர் இல்லை. அந்தச் சாயத்தைக் கொழுந்திலிருந்து பிழிந்தெடுத்த ரோலரைத்தான் யாரும் நினைப்பதில்லை. அகன்ற வட்ட மேசை, அதன் முகத்தில் வளைந்தோடும் பித்தளை வரம்புகள், மேலே கொழுந்தைத் தாங்கிச் சுழலும் உருளை. அவசரமே இல்லாத, கனத்த ஒரு முனகல். 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்ட காலத்தில், பங்களா விறாந்தையில் மேசை போட்டுக் கையால்தான் கொழுந்தை உருட்டினார்கள். ரொட்டிக்கு மாப் பிசைவது போன்ற அதே அழுத்தம், அதே திருகலை இரும்பு கற்றுக்கொண்டிருக்கிறது.

வாடிய கொழுந்தை உள்ளங்கையில் இறுக்கி, விரித்துப் பார்த்தே பதம் சொல்லும் தொழிலாளியை எனக்கு இன்னும் பிடிக்கும். பதம் தவறினால் எந்த ரோலரும் உதவாது. திருகி வெளிவரும்போது இலை பிசுபிசுக்கும். பச்சை வாசம் மாறி, மெல்லச் செம்பு நிறம் ஏறும். உருட்டும் கைகளுக்கு ஓய்வு கிடைத்தது. மலையில் கொழுந்து பறிக்கும் பெண்களின் விரல்களுக்கு இன்னும் கிடைக்கவில்லை. ஹந்தானைத் தேயிலை நூதனசாலையில் பழைய ரோலர்கள் நிற்கின்றன. கண்டிப் பக்கம் போனால் பாருங்கள்.