கையின் அறிவு: யானாகி சொயெட்சுவின் அளவுகோலும் சோஜிரோவின் தேநீர்க் கிண்ணங்களும்

முன்னுரை

கைவினைப் பொருளின் அழகை ஆக்கியவரின் மனநிலையைக் கொண்டு அளப்பதா, பொருளின் வடிவத்தைக் கொண்டு அளப்பதா என்னும் வினா ஜப்பானியத் தேநீர்க் கிண்ணம் பற்றிய திறனாய்வில் தொடர்ந்து எழுவது. நாட்டார் கைவினை இயக்கத்தின் முன்னோடியான யானாகி சொயெட்சு (1889–1961), கியோத்தோவின் தைதொகுஜி கோயில் வளாகத்திலுள்ள கிஸாஎமோன் கிண்ணத்தை 1931இல் கண்டார். அது கொரியாவில் 16ஆம் நூற்றாண்டில் வனையப்பட்டது. எளிய குயவர் அழகைக் கருதாது அன்றாடப் பயன்பாட்டிற்காக வனைந்தமையே அதன் சிறப்பு என்பது அவர் முடிபு. தேநீர்ச் சடங்கிற்கென்றே செய்யப்பட்ட ராக்கு கிண்ணங்களை அவர் செயற்கையானவை எனக் குறைகூறினார். ராக்கு மரபின் முதல்வரான சோஜிரோவின் (இறப்பு 1589) கிண்ணங்களுக்கு இம்மதிப்பீடு பொருந்துமா என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

வடிவமும் தொடுபுலனும்

தேநீர் ஆசான் சென் நோ ரிக்யூவின் (1522–1591) அழகியலுக்கு இயைய உருவான இக்கிண்ணங்கள் சக்கரத்தில் வனையப்படாதவை. மண் கையால் எழுப்பப்பட்டு, பின்னர் கருவியால் செதுக்கப்பட்டது. கறுப்பு ராக்குவில், மெருகுப்பூச்சு உருகியிருக்கும்போதே கிண்ணம் சூளையிலிருந்து குறட்டால் வெளியே எடுக்கப்படும். குறட்டின் தடம் சுவரில் தங்கிவிடுவதும் உண்டு. குறைந்த வெப்பத்தில் சுடப்பட்டதால் மண்ணில் நுண்துளைகள் எஞ்சுகின்றன. எனவே தேநீரின் சூடு விரல்களை மெல்லவே எட்டுகிறது. கைப்பிடியற்ற கிண்ணத்தை இரு கைகளாலும் ஏந்திப் பருகும் சடங்கில் இஃது அலங்காரம் அன்று, பயன்பாடு. சோஜிரோவின் வடிவங்கள் அடக்கமானவை. ஒளியை உள்வாங்கும் மங்கிய கறுப்பும் மென்மையான சிறு மேடுபள்ளங்களும் கண்ணைக் காட்டிலும் உள்ளங்கைக்கே முதலில் புலனாகின்றன. வேண்டுமென்றே கோணலாக்குதல் என்னும் குற்றச்சாட்டு இவற்றின்மேல் நிற்பதில்லை.

அறியாமை என்னும் புகழுரை

யானாகியின் அளவுகோல் கிஸாஎமோனுக்கும் முழுநீதி செய்யவில்லை. சுவரில் தெரியும் சக்கர வரிகளும், அடிவளையத்தைச் சுற்றிப் பூச்சு சுருங்கித் திரண்ட மணிகளும் பழகிய கையின் வேகத்தையும் சூளையின் இயல்பையும் ஒருங்கே காட்டுகின்றன. அவற்றைத் தன்னுணர்வற்ற விளைவு எனப் புகழும்போது, பெயர் அறியப்படாத கொரியக் குயவரின் தேர்ச்சி மறைந்து, கண்டெடுத்த ஜப்பானிய இரசிகரின் நுண்ணுணர்வே முன்னிற்கிறது. புகழுரையே இங்கு உழைப்பின் உரிமையைப் பறிக்கிறது.

முடிவுரை

ஆக்கியவரின் நோக்கம் அழகிற்கு உறுதியும் தராது, தடையும் ஆகாது. சோஜிரோவின் கிண்ணத்தில் திட்டமிட்ட கையும், கிஸாஎமோனில் பழக்கத்தால் முதிர்ந்த கையும் செயற்படுகின்றன. இரண்டும் அறிவுடைய கைகளே. ஆகவே கிண்ணத்தின் திறனாய்வு, குயவரின் மனத்தை ஊகிப்பதைவிட எடை, விளிம்பு, அடிவளையம், மேற்பரப்பு ஆகியவற்றை விளக்குவதிலிருந்து தொடங்குதலே தகும்.