எக்ஸ்-மென்: செயலைப் பறிக்கும் ரகசியங்கள்

சூப்பர் ஹீரோ காமிக்ஸைப் பற்றி எழுதுபவர்களிடையே இப்போது ஒரு கருத்து மறுபேச்சில்லாமல் செலாவணியாகிக்கொண்டிருக்கிறது. பாத்திரத்தின் ஆழம் அது ஒளித்துவைத்திருக்கும் ரகசியத்தில் இருக்கிறதாம். பழைய இதழ்களின் பொருளையே புரட்டிப்போடும் வெளிப்பாடு வந்தால் தொடர் முதிர்ச்சி பெற்றுவிட்டதாம். 2019-இல் ஜானதன் ஹிக்மன் ‘ஹவுஸ் ஆஃப் எக்ஸ்’, ‘பவர்ஸ் ஆஃப் எக்ஸ்’ என்ற இரட்டைத் தொடர்களைப் பன்னிரண்டு இதழ்களில் எழுதி முடித்த பிறகு, எக்ஸ்-மென் வரலாறு முழுவதையும் இந்த அளவுகோலால் அளப்பது வழக்கமாகிவிட்டது. யாருக்கு உண்மையில் என்ன சக்தி, யாருடைய உள்நோக்கம் என்ன என்று ஊகிப்பதே வாசிப்பின் உச்சம் என்கிறார்கள். ஊகிப்பதில் எந்தக் குறையும் இல்லை, இந்த வகைமை வாசகரின் ஊகத்தால்தான் இத்தனை காலம் உயிர்வாழ்கிறது. ஆனால் எதைக் கொண்டு ஊகிக்கிறோம் என்பது முக்கியம். பாத்திரம் நம் கண்ணெதிரே செய்த செயலிலிருந்து நோக்கத்தைத் தேடிச் செல்வது ஒரு வழி. செயலுக்குப் பின்னால் வேறொரு ஆள், வேறொரு சதி இருப்பதாகச் சொல்லி அந்தச் செயலையே இல்லாமல் ஆக்குவது இன்னொரு வழி. எக்ஸ்-மென்னின் நல்ல பக்கங்கள் முதல் வழியில் பிறந்தவை.

தொடக்க காலத்தை விரைவாகக் கடந்துவிடலாம். 1963-இல் ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் உருவாக்கிய முதல் அணியில் சக்தி என்பது பெயர்ப்பலகை. கண்ணிலிருந்து கதிர் பாய்ச்சுபவர், பனியாக மாறுபவர், இறக்கை உள்ளவர் என்று அறிமுகம் முடிந்ததும் சண்டை தொடங்கிவிடும். முதல் இதழிலேயே கேப் சிட்டடெல் ஏவுகணைத் தளத்தைக் கைப்பற்றும் மேக்னீட்டோவுக்கு, மனிதர்களை ஆள வேண்டும் என்பதற்கு மேல் நோக்கம் எதுவும் கிடையாது. அந்தக் காலத்தில் ஊகம் நடந்த இடம் வாசகர் கடிதப் பக்கம். கதையில் ஒரு முரண்பாட்டைக் கண்டுபிடித்து அதற்குத் தாமே விளக்கமும் எழுதி அனுப்பியவர்களுக்கு மார்வெல் ‘நோ-ப்ரைஸ்’ என்ற இல்லாத பரிசை அறிவித்தது. பின்னாளில் வெற்று உறையாகவே அது தபாலில் போய்ச் சேர்ந்தது. 1970-இலிருந்து ஐந்தாண்டுகள் தொடர் பழைய கதைகளை மறுபதிப்புச் செய்தே காலம் தள்ளியது. எண்பதுகளின் தொடக்கத்தில் மார்க் க்ரூன்வால்ட் முன்னின்று கொண்டுவந்த மார்வெல் கையேடு, யார் எத்தனை டன் தூக்குவார் என்பதுவரை பட்டியலிட்டது. ஆர்வத்தோடு செய்யப்பட்ட உழைப்பு என்பதில் சந்தேகமில்லை. ஆனால் சக்தியை எடைக்கல்லில் வைத்ததும் அது குணத்திலிருந்து பிரிந்துபோனது.

1975-இல் லென் வீனும் டேவ் காக்ரமும் புதிய அணியை அமைக்க, அடுத்த பதினாறு ஆண்டுகள் கிறிஸ் க்ளேர்மான்ட் எழுதினார். அவர் காலத்தில் சக்தி, ஒருவர் தன்னைப் பற்றி அஞ்சும் விஷயமாக மாறியது. ஜீன் கிரேயை எடுத்துக்கொள்வோம். ஃபீனிக்ஸாகி எல்லையற்ற ஆற்றல் பெற்றவள், பசியில் ஒரு நட்சத்திரத்தை விழுங்குகிறாள்; அதைச் சுற்றிவந்த கோளின் ஐந்நூறு கோடி உயிர்கள் அழிகின்றன. க்ளேர்மான்ட்டும் ஓவியர் ஜான் பர்னும் அவளுடைய சக்தியைப் பறித்துவிட்டு உயிரோடு விடத்தான் திட்டமிட்டிருந்தார்கள். இவ்வளவு பெரிய கொலைக்குத் தண்டனை வேண்டும் என்று தலைமை ஆசிரியர் ஜிம் ஷூட்டர் பிடிவாதமாக நின்றார். அதனால் 1980-இல் வெளியான 137-ஆம் இதழில், நிலவின் மேல், காதலன் ஸ்காட்டின் (சைக்ளாப்ஸின்) கண் முன்னால் ஜீன் ஒரு பழைய ஆயுதத்தைத் தன்மீதே இயங்கவைத்து உயிரை விடுகிறாள். வெளியிலிருந்து வந்த கட்டாயம் இலக்கியத்துக்கு நன்மை செய்த அபூர்வமான தருணம் இது. வில்லன் மாஸ்டர்மைண்ட் அவள் மனத்தைக் கலைத்திருந்தான் என்பது உண்மைதான். ஆனால் அந்தச் சாக்கைக் கதை ஏற்கவில்லை, அவளும் ஏற்கவில்லை. செய்தவள் நான் என்று அவள் ஒப்புக்கொள்வதில்தான் அந்த இதழின் முழு பலமும் இருக்கிறது.

1986-இல் நடந்ததை நினைத்தால் இன்றும் ஆற்றாமை வருகிறது. முதல் அணியின் ஐவரை மீண்டும் ஒன்றுசேர்த்து ‘எக்ஸ்-ஃபேக்டர்’ தொடங்க வேண்டும், அதற்கு ஜீன் தேவை. எனவே ஃபீனிக்ஸ் ஜீனே அல்ல, அவளுடைய உருவை எடுத்துக்கொண்ட ஒரு விண்வெளிச் சக்தி என்றும், உண்மையான ஜீன் ஜமைக்கா விரிகுடாவின் அடியில் ஒரு கூட்டுக்குள் உறங்கிக்கொண்டிருந்தாள் என்றும் அறிவித்தார்கள். இந்த யோசனை கர்ட் ப்யூசிக் வெறும் ரசிகராக இருந்த நாளில் உருவாக்கியது. கைமாறிக் கைமாறி அதிகாரபூர்வமான கதையாகிவிட்டது. ஊகமாக அது கச்சிதமானது. ஜீன் கொலைகாரி ஆகாமல் திரும்பிவர என்ன செய்யலாம் என்ற புதிருக்கு அதைவிடச் சுத்தமான விடை கிடைக்காது. அந்தச் சுத்தமே தீங்கு. கொலையும் அவளுடையதல்ல, தியாகமும் அவளுடையதல்ல என்றான பிறகு 137-ஆம் இதழில் யார் இறந்தார்கள்?

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். மேக்னீட்டோவின் கடந்த காலமும் பின்னாளில் சேர்த்ததுதானே? ஆமாம். 1981-இல் வந்த 150-ஆம் இதழ்வரை அவர் ஆஷ்விட்ஸில் இருந்தவர் என்பது எங்கும் சொல்லப்படவில்லை. அந்த இதழில் அவர் லெனின்கிராட் என்ற சோவியத் நீர்மூழ்கிக் கப்பலை ஆட்களோடு மூழ்கடிக்கிறார். பிறகு, தன் கருவிகளை நாசமாக்கிய கிட்டி ப்ரைடைத் தாக்கி வீழ்த்துகிறார். அருகில் போய்ப் பார்த்தால் கீழே கிடப்பது ஒரு சிறுமி. அவளைக் கையில் ஏந்தியபடி, தன்னை அழித்தவர்கள் செய்ததையே தானும் செய்துவிட்டதை அவர் உணர்கிறார். இந்த வெளிப்பாடு 1963-இன் மேக்னீட்டோ செய்த எதையும் அழிக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஏவுகணைத் தளத்தைக் கைப்பற்றியவரும் அவரே, கப்பலை மூழ்கடித்தவரும் அவரே. அந்தச் செயல்களின் பாரம் கூடியிருக்கிறது. ஒரு வெளிப்பாட்டைச் சோதிக்க எனக்குத் தெரிந்த ஒரே கேள்வி இதுதான்: ரகசியம் வெளியான பிறகும் செயல் செய்தவரிடமே இருக்கிறதா? ஆஷ்விட்ஸ் இதில் தேறுகிறது, விரிகுடாக் கூடு தேறவில்லை. க்ளேர்மான்ட் இந்தக் கேள்வியை அறிந்தே இருந்தார். 1991-இல் தாம் விடைபெற்றுச் சென்ற கதையில், மேக்னீட்டோ முன்பு குழந்தையாக்கப்பட்டிருந்தபோது டாக்டர் மொய்ரா மக்டாகர்ட் அவருடைய மரபணுவைத் திருத்தியதாக ஒரு செய்தியை அவிழ்க்கிறார். அப்படியானால் அவர் திருந்தியதெல்லாம் மருத்துவரின் வேலையா? சக்தியைப் பயன்படுத்தத் தொடங்கியதுமே அந்தத் திருத்தம் அழிந்துவிட்டது, பிறகு எடுத்த முடிவுகளெல்லாம் அவருடையவை என்று கதை பதில் சொல்கிறது.

அந்தக் கதை தொடங்கிய இதழ் எண்பது லட்சம் பிரதிகளுக்கு மேல் போனது. பின்தொடர்ந்த பத்தாண்டுகள் தொடரின் வறண்ட காலம் என்பது என் முடிவு. அணிக்குள் துரோகி யார் என்ற கேள்வியை எதிர்காலத்திலிருந்து வந்த பிஷப் கொண்டுவந்தார். வாசகர்கள் கேம்பிட்டைச் சந்தேகிக்கும்படி ஆண்டுக்கணக்காக இழுத்து, 1996-இல் அணியை நிறுவிய சேவியருக்குள்ளிருந்து எழுந்த ஆன்ஸ்லாட் என்ற தீய சக்தியை விடையாக நீட்டினார்கள். வோல்வரினின் நகங்கள் கையுறையின் பகுதி என்றுதான் லென் வீன் நினைத்திருந்தார். 1976-இன் 98-ஆம் இதழில் அவை வெறுங்கையிலிருந்து வெளிவந்தபோது ஒரு மனிதனின் வலி தெரிந்தது. 1993-இல் நகங்கள் எலும்பே என்றார்கள். 2001-இல் ‘ஆரிஜின்’ வந்து இயற்பெயர், பிறந்த வீடு, குடும்பம் எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கியது. எல்லாம் தெரிந்துபோன வோல்வரினிடம் புதிதாக எதுவும் தெரியவில்லை. க்ளேர்மான்ட்டுக்கும் இதில் பங்கு உண்டு: முடிச்சுகளைப் போட்டுவிட்டு அவிழ்க்காமலே நகர்ந்துவிடும் பழக்கம் அவருடையது. ஆனால் முடிச்சு அவிழாத நாட்களிலும் அவருடைய பாத்திரங்கள் ஏதாவது செய்துகொண்டே இருந்தார்கள்.

ரகசியமே கூடாது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சைக்ளாப்ஸால் தன் கண்ணின் ஆற்றலை அடக்க முடியாததற்குச் சிறுவயதில் தலையில் பட்ட அடிதான் காரணம் என்று பல ஆண்டுகள் சொல்லப்பட்டது. ஜாஸ் வீடன் எழுதிய ‘அஸ்டானிஷிங் எக்ஸ்-மென்’னில் எம்மா ஃப்ராஸ்ட் அதை மறுக்கிறாள்: அந்தக் கட்டுப்பாடின்மை அவனே சிறுவயதில் தேர்ந்துகொண்டது என்கிறாள். சக்தியைப் பற்றிய ஊகமும் உள்நோக்கத்தைப் பற்றிய ஊகமும் இங்கே ஒன்றாகின்றன. எல்லாவற்றையும் கட்டுக்குள் வைத்திருக்கும் தலைவனாக அவன் வாழ்ந்த அத்தனை இதழ்களும் இன்னும் அவனுடையவையாகின்றன. ஹிக்மனின் மொய்ராவிடம் இது நடக்கவில்லை. 1975-இலிருந்து சாதாரண மனுஷியாக, விஞ்ஞானியாக இருந்தவள், இறந்து இறந்து மீண்டும் பிறக்கும் மியூட்டன்ட் (எக்ஸ்-மென்னைப் போலப் பிறவியிலேயே சக்தி பெற்றவள்) என்று மாற்றப்படுகிறாள். ஒன்பது பிறவிகளில் தோற்றுப் பத்தாவதில் நிற்பவளின் அவநம்பிக்கை ஆற்றல் வாய்ந்த கற்பனை. அதை மறுப்பவர் அந்த இதழ்களைச் சரியாகப் படித்திருக்க முடியாது. ஆனால் அதற்குக் கொடுத்த விலை பெரிது. மியூட்டன்ட் அல்லாத ஒருத்தி, எந்த லாபமும் இல்லாமல், அவர்களுக்காகத் தன் ஆயுளைச் செலவிட்டாள் என்பது இந்தத் தொடரின் மையமான நம்பிக்கைக்கே சாட்சியாக இருந்தது. 2001-இல் நேர்ந்த அவளுடைய மரணமும் வெறும் ஏற்பாடு என்றாகிவிட்டது.

திறனாய்வு திரும்பிப் பார்க்க வேண்டிய பக்கங்கள் வேறு. 1984-இல், ரோக்கைக் குறிவைத்துச் சுட்ட ஆயுதம் ஸ்டார்மைத் தாக்கி அவளுடைய சக்தியை முழுவதுமாகப் பறித்துவிடுகிறது. அடுத்த இதழில் பாரி வின்சர்-ஸ்மித்தின் ஓவியங்களில், வானத்தோடு இருந்த உறவு அறுந்த பெண்ணின் துக்கம் பக்கம் பக்கமாக விரிகிறது. சக்தி என்றால் என்ன என்பதைப் பற்றி இந்த வகைமை எழுதிய சிறந்த ஆய்வு, சக்தி இல்லாதவளைப் பற்றிய அந்தக் கதைதான். எதையும் அவள் மறைத்துவைத்திருக்கவில்லை, பின்னால் வந்து யாரும் ரகசியம் அவிழ்க்கவும் இல்லை. மழையைக் கூப்பிட முடியாத அவள் 1986-இன் 201-ஆம் இதழில் சைக்ளாப்ஸோடு நேருக்கு நேர் மோதி, அவனை வென்று, அணியின் தலைமையை எடுத்துக்கொண்டாள். 1988-இல் சக்தி திரும்பும்வரை அந்த அணியை நடத்தியவள் அவளே.